முப்பத்தேழில் நடுங்கும் குழாய்

விசாகப்பட்டினத்தில் ஏதோ ஒரு குளிர்பதனக் கிடங்கின் கதவைத் திறந்து மூடும் வேலையில் இருப்பதாகச் சொல்லப்படும் என் அண்ணன் மகன் ஏழுமலைக்கு, பழவேற்காட்டு ஏரி தொடங்கி வங்கக் கடல் முடியும் இடம் வரைக்குமான அத்தனை மோட்டார்களின் ஏகச் சக்கரவர்த்தியும், கோட்டைக்குப்பம் ஐஸ் பேக்டரியின் மெக்கானிக்கும், தும்மினால் எளாவூர் செக்போஸ்டில் லாரிகள் தாமாக நின்று பேப்பரை நீட்டும் அளவுக்குத் தொண்டை வளம் படைத்தவனுமான உன் சித்தப்பன் எழுதுவது. நீ போனை எடுப்பதில்லை. எடுத்திருந்தால் இதை மூன்று நிமிடத்தில் சொல்லி, நடுவில் இரண்டு பொய்யும் சேர்த்துத் தப்பித்திருப்பேன். கடிதத்தில் அது நடக்காது. எழுதி முடித்ததும் இதைப் படகுத்துறையில் நின்று ஊர் முன்னால் உரக்கப் படித்துவிட்டுத்தான் தபாலில் போட வேண்டும் என்று எனக்குத் தீர்ப்பாகியிருக்கிறது. படகுக்காரன் தேசப்பன், என் வயசுக்காரன், பக்கத்தில் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டே ஒவ்வொரு வரிக்கும் என்னை முறைக்கிறான். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊரைவிட்டுப் போகும்போது, "என் கணக்குதான் தப்பு, சின்ன நைனா" என்றாய் அல்லவா? உன் கணக்கு தப்பில்லை. நான்தான் தப்பு. இனி அதை விளக்கமாகச் சொல்கிறேன். எனக்கு வலிக்கும், மெதுவாகத்தான் சொல்வேன்.

உன்மேல் எனக்குப் பொறாமை வந்தது நேற்று இன்று இல்லை. உனக்கு எட்டு வயசு. உன் நைனா கடலுக்குப் போய்விட்டால் நீ என் பின்னாலேயே பேக்டரிக்கு வந்துவிடுவாய். நான் நீளத் திருப்புளியின் நுனியை மோட்டாரின் பேரிங்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பேன். உள்ளே குண்டு தேய்ந்திருந்தால் மணலை மெல்லுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். இந்தக் கரையில் அந்தக் காது எனக்கு ஒருவனுக்குத்தான் என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்த காலம் அது. கொசு கொட்டாவி விட்டால் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவேன் என்பேன், ஊரும் பாதி நம்பியது. ஒருநாள் நீ திருப்புளியே இல்லாமல், வாசலில் நின்றபடி, "சின்ன நைனா, அந்தச் சின்ன மோட்டாருல யாரோ மண்ணு துன்றாங்கோ" என்றாய். போய்ப் பார்த்தேன். பேரிங் போயிருந்தது. எனக்குக் கேட்கவே இல்லை. உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கு அப்பவே தெரியும்டா." அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்ததுதான், அதற்கப்புறம் உனக்கு எது தெரிந்தாலும் எனக்கு அப்பவே தெரிந்திருந்தது. நீ பாலிடெக்னிக்கில் பாஸானது எனக்கு அப்பவே தெரியும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது அப்பவே தெரியும். அந்த வேலையில் நீ கற்றுக்கொண்ட புதுப் பெட்டியைப் பற்றி மட்டும், சத்தியமாக, எனக்கு ஒன்றும் தெரியாமல் இருந்தது.

அந்தப் பெட்டிகளை நீ கொண்டுவந்து சுவரில் மாட்டிய நாள் ஞாபகம் இருக்கிறதா? கம்ப்ரஸரை ஓட்டும் பெரிய மோட்டாருக்கு ஒன்று, அதைக் குளிர்விக்கத் தண்ணீர் அனுப்பும் பம்புக்கு ஒன்று. மோட்டாரின் வேகத்தை வேண்டியபடி கூட்டவும் குறைக்கவும் செய்கிற பெட்டி, டிரைவ் என்று பெயர் என்றாய். நம் வழக்கம் என்ன? மோட்டார் என்று ஒன்று இருந்தால் அது முழு வேகத்தில் ஓட வேண்டும். தண்ணீர் அதிகமானால் குழாயில் இருக்கிற வால்வைப் பாதி மூட வேண்டும். முப்பது வருடமாக நான் அந்த வால்வைத் திருகித்தான் சக்கரவர்த்தி ஆனேன். நீ வந்து என் வால்வை ஒரே சுற்றாக முழுக்கத் திறந்துவிட்டாய். "ஆக்சிலேட்டர முழுசா முறுக்கினு பிரேக்க மிதிச்ச மாதிரி இது. தண்ணி கம்மியா போதும்னா வால்வ மூடாத. மோட்டார மெதுவா சுத்து. பம்புல வேகம் அஞ்சுல ஒரு பங்கு கொறஞ்சா கரண்டு கிட்டத்தட்ட பாதியா கொறஞ்சிடும்" என்றாய். "இன்னாடா கணக்கு இது, அஞ்சுல ஒண்ணு எடுத்தா பாதி காணாம பூடுமா? ரேஷன் கடையிலதான்டா அப்பிடி நடக்கும்" என்று நான் கேட்க, ஐஸ் உடைக்கிற ஆட்களெல்லாம் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே சுண்ணாம்புக்கட்டி எடுத்துச் சுவரில் எட்டை மூன்று தரம் பெருக்கி, பத்தை மூன்று தரம் பெருக்கிப் பக்கத்தில் எழுதிக் காட்டினாய். ஐந்நூற்றுப் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் ஆயிரம். சிரித்தவர்கள் எல்லாம் உன் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். அந்தச் சுண்ணாம்பு எழுத்து இன்னும் சுவரில் இருக்கிறது. அழிக்க இரண்டு தரம் ஈரத் துணியோடு போனேன். கை வரவில்லை.

அதற்கப்புறம் நடந்ததை எந்தச் சக்கரவர்த்தியும் தாங்கமாட்டான். பேக்டரிக்காரம்மா பீவியம்மா, எத்தனையோ தலைமுறையாகக் கப்பல் வியாபாரம் பார்த்த வீட்டுப் பெண், கரண்ட் பில்லை விரித்து வைத்துக்கொண்டு ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். "தம்பி வச்ச பொட்டி எங்க வீட்டுக்கு வந்த மருமக மாதிரி" என்றார்கள். உப்புக்காற்று படாமல் இருக்க அந்தப் பெட்டிக்குத் தன் கையாலேயே பூவேலை செய்த துணி உறை ஒன்று தைத்துக் கொடுத்தார்கள். முப்பது வருடமாக அமோனியா வாடையில் வெந்த எனக்கு மூக்கைத் துடைக்க ஒரு துண்டு வந்ததுண்டா? ஆயுத பூஜையன்று பெட்டிக்கு வைத்த சந்தனப் பொட்டு ஒரு ரூபாய்க் காசு அளவு, என் நெற்றியில் வைத்தது மிளகு அளவு. நான் அளந்து பார்த்தேன். நீ பெட்டியின் உறையை விலக்கி மெல்லத் தொட்டுப் பார்ப்பாய், சூடாக இருக்கிறதா என்று. எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் நீ என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாயா என்று யோசித்தேன். தொட்டாய்தான். ஆனால் பெட்டியை இரண்டு தரம் தொட்டாய்.

பெட்டி வைத்த முதல் நாளே எனக்கு ஒன்று கேட்டது, ஏழுமலை. உனக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. நீ வேகத்தை முழு வேகமான ஐம்பதிலிருந்து மெல்ல இறக்கிக்கொண்டு வந்தாய். பெட்டியின் முகப்பில் நம்பர் முப்பத்தேழு வந்தபோது பம்பிலிருந்து போகிற தண்ணீர்க் குழாய், பேய் பிடித்தவள் மாதிரி ஒரு நடுக்கம் நடுங்கியது. முப்பத்தாறில் அடங்கிவிட்டது. நீ கம்ப்ரஸரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒருநாள் பெட்டி அந்த முப்பத்தேழிலேயே நெடுநேரம் நின்று குழாயை உலுக்கும், அன்றைக்கு எல்லோர் முன்னாலும் "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லலாம் என்று அந்த நம்பரை மடியில் முடிந்துவைத்துக்கொண்டேன். இதுவரைக்கும் தேசப்பனுக்குக்கூட இது தெரியாது. இப்போது எட்டிப் பார்த்துவிட்டு, "அடப்பாவி, இது வேறயா?" என்கிறான்.

இனி அந்தக் காலை. கடல் கொந்தளிப்பு என்று நான்கு நாள் படகு எதுவும் போகவில்லை. ஐஸ் எடுக்க ஆளில்லாமல் தொட்டி முழுக்கக் கட்டி கட்டியாக நிறைந்து கிடந்தது. ஐந்தாம் நாள் விடியுமுன்னே எல்லாப் படகும் போயிற்று. உன் நைனா மட்டும் கால் வீங்கி வீட்டில் கிடந்தார். நீ ஏதோ ஒயர் வாங்கப் பொன்னேரிக்குப் போயிருந்தாய். பேக்டரியில் நான் தனியாள். தொட்டி குளிர்ந்து நிறைந்துவிட்டதால், நீ சொல்லிக்கொடுத்த புத்திப்படி பெட்டி தானாகவே இரண்டு மோட்டாரையும் இறக்கி, தூங்குகிற குழந்தையின் மூச்சு மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தது. இங்கேதான் வினை. நம் படகுக்காரர்கள் முகத்துவாரம் தாண்டியதும் தரை தட்டும் என்று இன்ஜினைத் தூக்கிவிட்டுக் கோல் ஊன்றி வருவார்கள். அந்த நேரத்தில்தான் காதைத் தீட்டி நம் பேக்டரியைக் கேட்பார்கள். தடதடவென்று சத்தம் வந்தால் ஐஸ் உண்டு, இந்தத் துறைக்கு வா. சத்தம் இல்லையென்றால் கரண்ட் இல்லை, ஐஸ் இல்லை, திருப்பு. அவர்கள் அப்பன் காலத்திலிருந்து அப்படித்தான். நீ மோட்டாரை மாற்றினாய், அவர்கள் காதை யாரும் மாற்றவில்லை. பெட்டி வைத்ததிலிருந்து அன்றுவரை மீன்வரத்து அதிகம், பெரிய மோட்டாருக்கு ஓய்வே இல்லை, அதனால் சத்தத்துக்கும் குறைவில்லை. முதல் தடவையாக அன்றுதான் பேக்டரி அடங்கிக் கிடந்தது. தொட்டியில் ஐஸ் நிறைந்திருந்ததாலேயே அடங்கிக் கிடந்தது. அவர்கள் அதை ஐஸ் இல்லை என்று கேட்டார்கள்.

நான் துறையில்தான் நின்றேன். முன்னால் தேசப்பனின் படகு, பின்னால் இன்னும் ஆறு படகு. தேசப்பன் எழுந்து நின்று, "இன்னாப்பா, கரண்டு இல்லியா? ஐஸு கீதா இல்லியா?" என்று கத்தினான். கையைத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டினால் போதும். தோளில் துண்டு இருந்தது, அதை வீசினால் போதும். அந்த நொடியில் எனக்குள் என்ன ஓடியது என்று ஊர் முன்னால் சொல்லவேண்டியிருக்கிறது. இந்தப் பெட்டி ஒருநாள், ஒரே ஒருநாள், தோற்கட்டும் என்று ஓடியது. துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, மேகம் எப்படி இருக்கிறது என்று ரொம்பக் கவனமாக வானத்தைப் பார்த்தேன். திரும்பியபோது ஏழு படகும் அடுத்த துறையான தோணிரேவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அங்கே நின்ற ஐஸ் வண்டி காலியாகிவிட்டிருந்தது. நான்கு நாள் காத்திருந்து பிடித்த இறால், வெயிலில் தலை கறுத்து விலைக்கு ஆகாமல் போயிற்று. நூறு தப்படி தள்ளி நம் தொட்டியில் ஐஸ் நிறைந்து கிடந்தது.

நீ வந்தாய். படகுக்காரர்கள் பெட்டியை உடைக்கத் தடியோடு நின்றார்கள். நீ தொட்டி மூடியைத் திறந்து நிறைந்த ஐஸைக் காட்டினாய், அது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றிய கதையாயிற்று. "இருந்துமா சொல்லல?" என்று எல்லோரும் என்னைப் பார்க்க, நான் சொன்னேன், "தொண்டை கிழியக் கத்தினேன்பா. எதிர்க்காத்து. எவன் காதுலயும் உழல." அந்த ஆத்திரத்தில் யாரும் என்னை மேற்கொண்டு கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. சின்ன நைனா கத்தினேன் என்றால் கத்தியிருப்பார் என்று நம்பினாய். "கரண்டு கணக்கு போட்டேன், காது கணக்கு போடல" என்று சொல்லிக்கொண்டே உன் கையாலேயே இரண்டு பெட்டியையும் கழற்றிக் கோணியில் சுற்றிவைத்தாய். நான் பக்கத்தில் நின்று, கேட்டுக்கொள், "எனக்கு அப்பவே தெரியும்டா" என்றேன். மறு வாரம் நீ இல்லை. இனி டிரைவ் பக்கம் கையே வைக்கமாட்டேன் என்று உன் அம்மாவிடம் போனில் சொன்னாயாம். அங்கே சுவரில் இருபது பெட்டி இருந்தும் நீ கதவு திறக்கிற வேலை போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாயாம். அதைக் கேட்டபோது எனக்கு ஜெயித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பிடிபட்டேன். நானாக வந்து ஒப்புக்கொண்டேன் என்று எழுதத்தான் ஆசை, தேசப்பன் முறைக்கிறான். போன அமாவாசைக்குக் கடலுக்குப் போகாமல் எல்லோரும் துறையில் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல அளந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு நான் கத்திய கத்தலில் ஏரியிலிருந்த பூநாரைகள் எல்லாம் எழுந்து சூளூர்ப்பேட்டை வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பின என்று சொல்லிவிட்டு, "இன்னா பண்றது, எதிர்க்காத்து" என்று முடித்தேன். தேசப்பன் ஊசியை நிறுத்தினான்.

"இன்னா காத்துன்ன?"

"எதிர்க்காத்து. கடல்லருந்து மூஞ்சில அடிச்சிச்சு."

"அன்னிக்கு மேல்காத்து. கரையிலருந்து எங்க மூஞ்சிலதான் அடிச்சிச்சு. கோலு ஊன்றதுக்குள்ள மூச்சு பூட்ச்சு. நீ கொட்டாவி உட்டிருந்தாகூட எனுக்கு கேட்டிருக்கும்பா."

மீன்காரனிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பொய் சொல்லலாம், காற்றைப் பற்றிச் சொல்லக் கூடாது. தன் கல்யாணத் தேதியை மறப்பான், எந்த நாள் எந்தக் காற்று என்பதை மறக்கமாட்டான். துறையில் அத்தனை ஊசியும் நின்றுவிட்டது. உன் நைனா வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எனக்கு வழக்கமாகத் தருகிற குழம்பு மீன் மட்டும் அன்றையிலிருந்து வருவதில்லை.

ஊர்க் கூட்டம் கூடியது. பீவியம்மாவும் ஒரு ஓரமாக வந்து நின்றார்கள். தீர்ப்பு மூன்று. பெட்டிகளை நான் என் கையாலேயே திரும்ப மாட்ட வேண்டும். உனக்கு இந்தக் கடிதம் எழுதிப் படிக்க வேண்டும். மூன்றாவதுதான் கொடுமை. நீ வந்து சேரும்வரைக்கும், படகுகள் முகத்துவாரம் நுழைகிற நேரத்தில் நான் துறையில் நின்று வாயாலேயே மோட்டார்ச் சத்தம் போட வேண்டும். "ஒரு பச்சக் கொடி ஏத்தினா போதாதா?" என்று யாரோ நல்லவன் கேட்டான். "போதும். ஏத்தத்தான் போறோம். ஆனா இவன சும்மா உட்றதா?" என்றான் தேசப்பன். ஆகவே, மகனே, கொடி மேலே பறக்க, கீழே சக்கரவர்த்தி நின்று தினமும் தடதடதட என்று கத்திக்கொண்டிருக்கிறேன். படகிலிருந்து, "பெல்ட்டு லூஸா கீது, டைட் பண்ணு!" என்று பதில் வருகிறது.

பெட்டிகளை மாட்ட எனக்கு மூன்று நாள் ஆயிற்று. நீ ஒயருக்கு ஒயர் கலர் போட்டு எழுதிவைத்த தாளைப் பார்த்துத்தான் மாட்டினேன். எழுத்து என்னுடையதைவிட அழகாக இருந்தது, அதற்கும் பொறாமைப்பட்டேன். ஸ்விட்சைப் போட்டதும் அந்தப் பெரிய மோட்டார், முன்பெல்லாம் தடால் என்று குதித்துக் கட்டடத்தையே ஒரு உலுக்கு உலுக்கி எழுந்திருக்குமே, அது கிழவி பாயிலிருந்து எழுகிற மாதிரி மெல்ல எழுந்து ஓடியது. பக்கத்தில் நின்று கேட்டேன். இத்தனை வருடமாக நான் அதை ஓட்டிய ஓட்டம் எவ்வளவு வீண் என்று அப்போதுதான் உறைத்தது. முழு வேகத்தில் ஓடவிட்டு வால்வைப் பாதி மூடியே வைத்திருந்தேன். உன்னிடமும் அதைத்தான் செய்தேன். ஊரெல்லாம் போய் என் அண்ணன் மகன் மாதிரி உண்டா என்று முழு வேகத்தில் அளப்பேன், உன் முகத்துக்கு நேராக வந்ததும் வாயை மூடிக்கொள்வேன். உனக்கு வந்து சேர்ந்ததெல்லாம் சொட்டுத் தண்ணீர்தான். நாளைக்கு உனக்கும் பெண்டாட்டி பிள்ளை வரும். கொஞ்சமாகத்தான் கொடுக்க முடியும் என்றால் மெதுவாகக் கொடு, ஆனால் திறந்துவைத்துக் கொடு. அதோடு, எந்த ஊரில் எந்த மோட்டாருக்குப் பெட்டி வைத்தாலும், அங்கே ஒரு மூலையில் என்னை மாதிரி ஒருவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பான். முதலில் அவனிடம் போ. எந்த வேகத்தில் எது நடுங்கும் என்று அவன் காதுக்குத் தெரியும். நீ கேட்காவிட்டால் அதை மடியில் முடிந்துகொள்வான்.

நான் முடிந்ததை அவிழ்த்துவிட்டேன். அது இப்போது நிஜமாகவே தலைக்குமேல் வந்துவிட்டது. மழை வந்து காற்று குளிர்ந்ததிலிருந்து, பம்புக்குப் பெட்டி சரியாக அந்த முப்பத்தேழையே போதும் என்று பிடித்துக்கொண்டு மணிக்கணக்காக நிற்கிறது. குழாய் நடுங்குகிறது. குழாய்த் தாங்கியின் போல்ட்டை நேற்று இரண்டு தரம் முடுக்கினேன், சாயங்காலம் மறுபடி கழன்றிருந்தது. தேங்காய்நார்க் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, நானும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறேன். படகு வரும் நேரத்தில் துறைக்கு ஓடிச் சத்தம் போட்டுவிட்டுத் திரும்ப ஓடிவந்து குழாயைப் பிடிக்கிறேன். வளைவில் மயிர்க்கோடு மாதிரி ஒரு விரிசல் தெரிகிறது. குழாய் விட்டுப்போனால் பேக்டரி நிற்கும். இன்னொரு தரம் பேக்டரி நின்றால் பெட்டியை இந்தக் கரையில் யாரும் உள்ளே விடமாட்டார்கள், கொடி ஏற்றினாலும் விடமாட்டார்கள். முப்பத்தேழில் நிற்காமல் தாண்டிப் போ என்று அந்தப் பெட்டிக்குச் சொல்ல ஏதோ வழி இருக்கிறது என்று அதன் புத்தகத்தில் படம் பார்த்தால் புரிகிறது. எந்தப் பொத்தானை எத்தனை தரம் அமுக்க வேண்டும் என்பது புரியவில்லை.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுக் குழாய்க் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினேன். "இன்னா, எழுதேன்" என்றான் தேசப்பன். எழுதிவிட்டேன். இதோ: ஏழுமலை, அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியாது. அப்பவும் தெரியாது, இப்பவும் தெரியாது. உனக்குத் தெரியும்.

துறையில் படிக்கும்போது அந்த வரியை இரண்டு தரம் படிக்க வேண்டுமாம், ஒரு தரம் கரைக்கு, ஒரு தரம் ஏரிக்கு. தேசப்பன் சொல்கிறான். காற்று கரையிலிருந்துதான் அடிக்கிறது. நன்றாகக் கேட்கும்.

குழாயைப் பிடித்தபடி,
உன் சின்ன நைனா